டேப்லெட்டுக்குக் கூடுதல் வாரண்டி எடுக்கலாமா? முடிவெடுக்கும் முறை, படிப்படியாக

டேப்லெட்டைத் தேர்ந்தெடுத்து, பில் போடும் நேரத்தில்தான் அந்தக் கேள்வி வரும். “இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கட்டினால் கூடுதலாக 2 வருட வாரண்டி கிடைக்கும், போட்டுவிடலாமா?” இணையத்தில் வாங்கினால் பணம் கட்டும் பக்கத்தில் ஒரு சிறிய கட்டம் வந்து நிற்கும். பெரும்பாலானோர் அரை நிமிடத்தில் சரி என்றோ வேண்டாம் என்றோ முடித்துவிடுகிறார்கள்.

என் குடும்பத்துக்கும் உறவினர்களுக்கும் வாங்கிய டேப்லெட்களுக்கு இந்த முடிவைப் பலமுறை உட்கார்ந்து எடுத்திருக்கிறேன். எல்லோரும் முதலில் பார்ப்பது திட்டத்தின் விலையை. நான் கற்றுக்கொண்ட வரை விலையைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். திட்டம் எதற்குப் பொறுப்பேற்கிறது, உங்கள் டேப்லெட் எந்த வழியில் கெடக்கூடும், கெட்டால் செலவு எவ்வளவு என்ற மூன்றும் தெரியாதவரை அந்த விலை மலிவா அதிகமா என்று யாராலும் சொல்ல முடியாது.

முதலில் கையில் எடுத்து வைக்க வேண்டியவை

டேப்லெட்டின் சரியான மாடல் பெயர். பெட்டியில் உள்ள வாரண்டி அட்டை, அல்லது தயாரிப்பாளரின் தளத்தில் உள்ள வாரண்டி பக்கம். விற்கப்படும் கூடுதல் திட்டத்தின் முழு நிபந்தனைப் பத்திரம். விளம்பரத் துண்டுச்சீட்டு போதாது. பணம் கட்டப் பயன்படுத்தும் கிரெடிட் கார்டின் சலுகை விவரம். வீட்டுப் பொருட்களுக்குக் காப்பீடு இருந்தால் அதன் பத்திரம். ஒரு தாள், பேனா. எல்லாம் கையில் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

1. பில் போடும் இடத்தில் முடிவெடுக்காதீர்கள்

முதல் படி, அன்றைக்கு எந்தத் திட்டமும் வாங்காமல் வருவது. “இப்போது விட்டால் பிறகு கிடைக்காது” என்ற பயம்தான் அவசரத்துக்குக் காரணம். பல திட்டங்களை டேப்லெட் வாங்கிய பிறகும் எடுக்கலாம். உதாரணமாக, ஆப்பிளின் ஆப்பிள்கேர் பிளஸ் திட்டத்தைப் பல நாடுகளில் வாங்கிய 60 நாட்களுக்குள் சேர்த்துக்கொள்ள முடியும். மற்ற திட்டங்களில் இந்த அவகாசம் கூடலாம், குறையலாம். ஆகவே கடையில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “கடைசி நாள் எது?” அந்தத் தேதியை பில்லின் பின்புறம் எழுதிக்கொள்ளுங்கள்.

பணம் கட்டிவிட்டீர்களா? பரவாயில்லை. வாங்கிய சில நாட்களுக்குள் ரத்து செய்தால் முழுப் பணத்தையும் திருப்பித் தரும் விதி பல திட்டங்களில் உண்டு. அந்தக் காலம் முடிவதற்குள் கீழே உள்ள படிகளை முடித்துவிடுங்கள்.

2. விற்கப்படுவது எந்த வகை என்று கண்டுபிடியுங்கள்

எனக்குத் தெரிந்தவர்கள் அதிகம் தடுக்கி விழுந்த இடம் இது. “கூடுதல் வாரண்டி” என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேறு பொருட்கள் விற்கப்படுகின்றன.

முதல் வகை, தயாரிப்புக் குறைபாட்டுக்கான வாரண்டியை நீட்டிப்பது. சார்ஜிங் போர்ட் தானாக வேலை நிறுத்துவது, திரையில் கோடு விழுவது, ஸ்பீக்கர் ஊமையாவது, மதர்போர்டு செத்துப்போவது ஆகியவை இதில் அடங்கும். கீழே போட்டு உடைத்தால் இதில் எதுவும் கிடைக்காது.

இரண்டாம் வகை, விபத்துச் சேதத்தை ஏற்கும் திட்டம். கீழே விழுந்த திரை, மேலே கொட்டிய தண்ணீர் போன்றவை. சில திட்டங்கள் திரையை மட்டும் ஏற்கும். சில எல்லாவற்றையும் ஏற்கும். ஒவ்வொரு முறை ரிப்பேருக்கும் ஒரு சேவைக் கட்டணம் தனியாகக் கேட்பது வழக்கம்.

மூன்றாம் வகை, திருட்டையும் தொலைந்துபோவதையும் சேர்த்த காப்பீடு. இதை ஒரு காப்பீட்டு நிறுவனம் தரும். விண்ணப்பம், காவல்துறைப் புகார், விசாரணை எல்லாம் இதற்கென்று உண்டு.

என் அக்கா தன் டேப்லெட்டுக்கு 2 வருடக் கூடுதல் வாரண்டி எடுத்திருந்தார். 14-ஆவது மாதம் மேசையிலிருந்து விழுந்து திரை விரிசல் விட்டது. “வாரண்டிதான் இருக்கிறதே” என்று நிம்மதியாக எடுத்துக்கொண்டு போனார். அவர் வாங்கியது முதல் வகை. ரிப்பேருக்கும் பணம் கட்டினார், திட்டத்துக்குக் கட்டியதும் போனதுதான். பத்திரத்தை நான் பிறகு வாங்கிப் படித்தேன். அது எந்தப் பொய்யும் சொல்லவில்லை, இரண்டாம் பக்கத்திலேயே தெளிவாக எழுதியிருந்தது. விற்றவர் சொல்லவில்லை, அக்கா கேட்கவில்லை.

ஆகவே நேரடியாக ஒரே கேள்வி கேளுங்கள்: “கையிலிருந்து நழுவி விழுந்து திரை உடைந்தால் இதில் சரிசெய்து தருவீர்களா?” பதில் இல்லை என்றால் முதல் வகை. ஆமாம் என்றால் அது எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லுக்கு கிளெய்ம் நேரத்தில் மதிப்பில்லை.

3. ஏற்கெனவே உங்களிடம் இருப்பதை எண்ணுங்கள்

கையில் உள்ள பாதுகாப்பையே இரண்டாவது முறை பணம் கொடுத்து வாங்கிவிடக் கூடாது. அதற்காகத்தான் இந்தப் படி.

தயாரிப்பாளர் வாரண்டி பெரும்பாலும் 1 வருடம். அது குறைபாடுகளுக்கு மட்டும்தான்.

சட்டம் தரும் உரிமை தனி. தயாரிப்பாளர் வாரண்டி முடிந்தாலும் விற்றவர் மீது அந்த உரிமை தொடரும் நாடுகள் உண்டு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் விற்பனையாளரின் சட்டப்பூர்வப் பொறுப்பு குறைந்தது 2 ஆண்டுகள். அங்கே ஒருவர் இரண்டாம் ஆண்டுக்கென்று முதல் வகைத் திட்டத்தை வாங்கினால், ஏறக்குறைய தன்னிடம் இருப்பதையே மறுபடி வாங்குகிறார். நீங்கள் வாங்கும் நாட்டின் நுகர்வோர் சட்டம் எத்தனை காலத்துக்கு விற்பனையாளரைப் பொறுப்பாக்குகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சில கிரெடிட் கார்டுகள், அந்தக் கார்டில் வாங்கிய பொருளின் தயாரிப்பாளர் வாரண்டியை இலவசமாக நீட்டித்துத் தருகின்றன. வீட்டுப் பொருள் காப்பீடு சிலவற்றில் கையில் எடுத்துச் செல்லும் கருவிகளும் அடங்கும். பலர் இவை இருப்பதையே மறந்துவிடுகிறார்கள்.

இருப்பதையெல்லாம் தாளில் ஒரு பக்கமாக எழுதுங்கள். எதிரே, புதுத் திட்டம் தருவதில் இந்தப் பட்டியலில் இல்லாதவற்றை மட்டும் எழுதுங்கள். உங்கள் பணம் போவது அந்த எதிர்ப்பக்கத்துக்கு மட்டும்தான். அது காலியாக இருந்தால் இங்கேயே நிறுத்திவிடலாம்.

4. எந்த நாள் முதல் எந்த நாள் வரை

“2 வருடத் திட்டம்” என்று எழுதியிருந்தால், வாங்கிய நாளிலிருந்து 2 வருடமா, தயாரிப்பாளர் வாரண்டி முடிந்த பிறகு 2 வருடமா? முதலாவது என்றால், குறைபாடுகளைப் பொறுத்தவரை உங்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பது 1 வருடம்தான். விபத்துத் திட்டம் என்றால் முதல் நாளிலிருந்தே தொடங்க வேண்டும். புதுக் கருவி, கவர்கூடப் போடாமல் கையில் இருக்கும் முதல் வாரங்களில்தான் நழுவல் அதிகம் நடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டும். மின்னணுக் கருவிகள் கெடும் விதத்தைப் படமாக வரைந்தால் ஒரு குளியல் தொட்டியின் குறுக்குவெட்டு மாதிரி இருக்கும் என்று பொறியாளர்கள் சொல்வார்கள். தொடக்கத்தில் கோளாறு அதிகம், நடுவில் நீண்ட காலம் குறைவு, கடைசியில் தேய்மானத்தால் மறுபடி ஏறும். தயாரிப்பிலேயே பழுதுள்ள டேப்லெட் பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே காட்டிக்கொடுத்துவிடும். அது தயாரிப்பாளர் வாரண்டியிலேயே சரியாகிவிடும். முதல் வகைத் திட்டம் விற்பது தொட்டியின் தட்டையான நடுப்பகுதியை. கோளாறு குறைவான ஆண்டுகளுக்குத்தான் பணம் கட்டுகிறோம். முதல் வகைத் திட்டத்தை நான் பெரும்பாலும் வேண்டாம் என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

கூடவே மென்பொருள் ஆதரவையும் பாருங்கள். பாதுகாப்பு அப்டேட் இன்னும் 2 வருடத்தில் நின்றுவிடும் பழைய மாடலுக்கு 4 வருட வாரண்டி எடுப்பதில் பயனில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் மாடல்களுக்கு, அந்த மாடலின் விற்பனை நிறுத்தப்பட்ட பிறகும் குறைந்தது 5 ஆண்டுகள் அப்டேட் கிடைக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. மற்ற இடங்களில் வாங்குபவர்கள் தயாரிப்பாளர் தந்துள்ள உறுதியைத்தான் பார்க்க வேண்டும்.

5. உங்கள் டேப்லெட் எப்படிக் கெடும்?

பொதுவாக யோசிக்காமல், யார் கையில், எங்கே இருக்கப்போகிறது என்று யோசியுங்கள். சோபாவில் உட்கார்ந்து படம் பார்க்கும் டேப்லெட்டும், பள்ளிப் பையில் தினமும் போய்வரும் டேப்லெட்டும் ஒரே மாடலாக இருந்தாலும் ஒரே ஆபத்தில் இல்லை.

திரைதான் முதல் கவலை. டேப்லெட்டில் கண்ணாடி பெரியது, உடல் மெல்லியது. மூலையில் விழுந்தால் வளைந்து விரிசல் விடும். பல மாடல்களில் மேல் கண்ணாடி, தொடுஉணர் அடுக்கு, டிஸ்ப்ளே மூன்றையும் ஒன்றாக ஒட்டிவிடுகிறார்கள். படம் கண்ணாடிக்கு மிக அருகில் தெரிவதற்காக அப்படிச் செய்கிறார்கள். ஆனால் கண்ணாடி மட்டும் உடைந்தாலும் முழு டிஸ்ப்ளேயையும் மாற்ற வேண்டியதாகிவிடுகிறது. கண்ணாடி தனியாக இருக்கும் மாடல்களில் செலவு நன்றாகக் குறையும். உங்கள் மாடல் எது என்று சர்வீஸ் சென்டரில் கேட்டால் சொல்வார்கள்.

அடுத்தது தண்ணீர். “நீர் புகாது” என்று விற்கப்படும் மாடலுக்கும் தண்ணீர் சேதத்தைத் தயாரிப்பாளர் வாரண்டி பொதுவாக ஏற்பதில்லை. அந்தத் தாங்குதிறன் புதுக் கருவியில் சோதிக்கப்பட்டது. உள்ளே உள்ள ரப்பரும் பசையும் காலப்போக்கில் தளரும். பல கருவிகளுக்குள் தண்ணீர் பட்டால் நிறம் மாறும் ஒரு சிறு ஒட்டுத்தாள் இருக்கும். சர்வீஸ் சென்டரில் திறந்தவுடன் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். “தண்ணீர் படவே இல்லை” என்று வாதாடி இதில் ஜெயிப்பது கடினம்.

சார்ஜிங் போர்ட்டைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. கேபிளைச் செருகியபடியே மடியில் வைத்து விளையாடும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது தளர்ந்துபோகும். இது குறைபாடா, பயன்படுத்தியவரின் சேதமா என்ற வாதம் வரும் இடமும் இதுவே.

பேட்டரிக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஐபாட் பேட்டரி 1000 முழு சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவோடு இருக்குமாறு வடிவமைக்கப்பட்டது என்கிறது ஆப்பிள். மேலே சொன்ன ஐரோப்பிய விதி 800 சுற்றுகளைக் குறைந்தபட்சமாக வைக்கிறது. ஒரு சுற்று என்றால் மொத்தமாக 100 சதவீதம் செலவாவது. தினமும் பாதி சார்ஜ் தீர்ந்தால் இரண்டு நாளுக்கு ஒரு சுற்று. அப்படிப் பயன்படுத்துபவருக்கு 800 சுற்று வர 4 வருடத்துக்கு மேல் ஆகும். பல திட்டங்கள் பேட்டரியை 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் மாற்றித் தருகின்றன. சில திட்டங்கள் தேய்மானம் என்று சொல்லி ஏற்பதே இல்லை. ஆகவே “பேட்டரியும் உண்டு” என்ற வாக்குறுதிக்காக 2 வருடத் திட்டம் எடுப்பது பலருக்குத் தேவையில்லை. தினமும் முழு சார்ஜையும் தீர்ப்பவர்கள், எப்போதும் சூட்டில் வைத்திருப்பவர்கள் மட்டும் இதைத் தனியாக யோசிக்கலாம்.

6. ரிப்பேர் செலவை முன்கூட்டியே கேளுங்கள்

உடைந்த பிறகு கேட்கும் கேள்வியை இப்போதே கேளுங்கள். தயாரிப்பாளரின் சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து, உங்கள் மாடலைச் சொல்லி மூன்று விலை கேளுங்கள்: திரை மாற்ற, பேட்டரி மாற்ற, முழுக் கருவியையும் மாற்ற. சில தயாரிப்பாளர்களின் தளத்திலேயே இவை இருக்கும். நல்ல பெயருள்ள வெளி ரிப்பேர் கடையிலும் திரை விலையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

விலை குறைந்த டேப்லெட் என்றால் திரை மாற்றும் செலவு புதுக் கருவியின் விலையை நெருங்கிவிடும். அப்படியானால் நீங்கள் ரிப்பேர் செய்யப்போவதில்லை, புதிது வாங்குவீர்கள். உங்கள் உண்மையான இழப்பு அன்றைய தேதியில் அதே தரத்தில் ஒரு டேப்லெட் வாங்கும் விலை. 2 வருடம் கழித்து அது பெரும்பாலும் இன்றைய விலையை விடக் குறைவாகவே இருக்கும்.

7. பத்திரத்தைப் பின்பக்கத்திலிருந்து படியுங்கள்

“இவை அடங்கும்” என்ற பகுதி எப்போதும் அழகாக இருக்கும். “இவை அடங்காது” என்ற பகுதியில் தொடங்குங்கள். திட்டத்தின் உண்மையான உருவம் அங்கேதான் தெரியும். படிக்கும்போது நான் தேடுபவை இவை.

சேவைக் கட்டணம். ஒவ்வொரு கிளெய்முக்கும் எவ்வளவு, திரைக்கு ஒரு தொகையும் மற்றவற்றுக்கு வேறு தொகையுமா?

எத்தனை முறை. சில திட்டங்களில் வருடத்துக்கு ஒருமுறைதான். சிலவற்றில் ஒருமுறை மாற்றுக் கருவி கொடுத்துவிட்டால் காலம் மீதமிருந்தாலும் திட்டம் முடிந்துவிடும்.

தேய்மானக் கழிவு. முதல் வருடத்துக்குப் பிறகு கருவியின் மதிப்பில் ஒரு பகுதியை மட்டும் தருவோம் என்று எழுதியிருந்தால், நீங்கள் நினைத்த பாதுகாப்பில் பாதிகூட இருக்காது. அட்டவணையாகச் சின்ன எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள்.

மாற்றாக என்ன தருவார்கள். புதிதா, புதுப்பித்த பழைய கருவியா, பணமா, அவர்கள் கடையில் மட்டும் செல்லும் கூப்பனா? கூப்பன் என்றால் அடுத்த டேப்லெட்டையும் அவர்களிடமே வாங்க வேண்டும்.

விபத்து நடந்தால் எத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். சில பத்திரங்களில் இது மிகக் குறுகியது. ஊருக்குப் போயிருந்தேன் என்ற காரணம் எடுபடாது.

பேனா, கீபோர்டு, சார்ஜர் சேருமா. இவற்றின் விலை டேப்லெட் விலையில் கணிசமான பங்கு; ஆனாலும் பல திட்டங்களில் இவை வெளியேதான்.

யார் பொறுப்பு. பணம் வாங்குவது கடை, பத்திரம் எழுதியது வேறு நிறுவனம், ரிப்பேர் செய்வது மூன்றாவது ஆள் என்று இருப்பது சாதாரணம். கிளெய்முக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்பது ஒரே வரியில் தெளிவாக இல்லாத திட்டத்தை நான் எடுக்க மாட்டேன். அங்கே ஒருவர் மற்றவரைக் கைகாட்டும்போது நடுவில் அலைவது நீங்கள்தான்.

வெளி ரிப்பேர். திட்டக் காலத்தில் வெளியில் திறந்தால் பாதுகாப்பு போய்விடும் என்பது பொதுவான விதி. ஆறாம் படியில் எழுதிய வெளிக்கடை விலை, திட்டம் எடுக்காதவருக்கு மட்டுமே பயன்படும் என்பது இதனால்தான்.

8. இப்போது கணக்கு

இனி விலையைப் பார்க்கலாம். சூத்திரம் ஒன்றுதான். திட்டத்தின் விலையை, ஒரு சேதத்தில் அது உங்களுக்கு மிச்சப்படுத்தும் தொகையால் வகுக்க வேண்டும். மிச்சமாகும் தொகை என்பது ரிப்பேர் செலவில் சேவைக் கட்டணத்தைக் கழித்தது. வரும் விடைதான் சமநிலைப் புள்ளி. சேதம் நடக்கும் வாய்ப்பு அதற்கு மேல் இருந்தால் திட்டம் லாபம்; கீழே இருந்தால் நஷ்டம்.

டேப்லெட்டின் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். 2 வருட விபத்துத் திட்டம் 15. சேவைக் கட்டணம் 10. திரை மாற்ற 40. மிச்சமாவது 40 கழித்தல் 10, அதாவது 30. பதினைந்தை 30-ஆல் வகுத்தால் 0.5. அந்த 2 வருடத்தில் திரை உடையும் வாய்ப்பு 50 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் இந்தத் திட்டம் கட்டுப்படியாகும்.

முழுக் கருவியும் போய்விட்டால்? மிச்சமாவது 90, பதினைந்தை 90-ஆல் வகுத்தால் சுமார் 17 சதவீதம். ஆறில் ஒருவருக்கு அப்படி நடந்தால் போட்டது எடுத்தது சரியாகிவிடும். ஆனால் தேய்மானம் கழித்து 60 மட்டும் தருவார்கள், அதிலும் சேவைக் கட்டணம் உண்டு என்றால் மிச்சம் 50. சமநிலை 30 சதவீதமாக ஏறிவிடும். ஏழாம் படியில் அட்டவணையைத் தேடச் சொன்னது இதற்காகத்தான்.

சரி, உங்கள் வாய்ப்பு எவ்வளவு என்று எப்படித் தெரியும்? ஊகிக்க வேண்டாம், வீட்டு வரலாற்றை எண்ணுங்கள். கடந்த 5 வருடத்தில் வீட்டில் 4 போன், டேப்லெட்கள் இருந்தன, அவற்றில் 2 உடைந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 கருவி, 5 வருடம்: மொத்தம் 20 கருவி-வருடம். அதில் 2 சேதம் என்றால் வருடத்துக்கு 10 சதவீதம், 2 வருடத்தில் ஏறக்குறைய 19. தேவையானது 50. இந்த வீட்டுக்குத் திட்டம் வேண்டாம்.

பக்கத்து வீட்டில் சிறு பிள்ளைகள். 2 கருவி, 3 வருடம், 3 சேதம். வருடத்துக்கு 50 சதவீதம். 2 வருடத்தில் ஒருமுறையாவது உடையும் வாய்ப்பு 75. அதே திட்டம், அதே விலை, இவர்களுக்கு லாபம். கிளெய்ம் எண்ணிக்கைக்கு வரம்பில்லாத திட்டம் என்றால் இன்னும் நல்லது.

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, சேவைக் கட்டணத்தைக் கழிக்க மறப்பது. மற்றொன்று, மாதத் தவணையைப் பார்த்து “கொஞ்சம்தானே” என்று முடிவு செய்வது. மாதம் கட்டும் திட்டம் என்றால், டேப்லெட்டை எத்தனை மாதம் வைத்திருப்பீர்களோ அத்தனையாலும் பெருக்கிய பிறகே சூத்திரத்தில் போடுங்கள்.

9. கணக்கு சொல்லாத ஒன்று

விடை நஷ்டம் என்று வந்தாலும் சிலர் திட்டம் எடுப்பது நியாயம். டேப்லெட்டில்தான் வேலை நடக்கிறது, உடைந்தால் மறுநாளே மாற்ற வேண்டும், ஒரே தடவையாக அந்தப் பணத்தைப் புரட்ட முடியாது என்பவருக்குச் சிறு தொகை கட்டிப் பெரிய அடியைத் தவிர்ப்பது சரியான முடிவு. காப்பீடு என்பதே தாங்க முடியாத இழப்புக்காக. அப்படி எடுத்தால் விலையை விட முக்கியமாகப் பார்க்க வேண்டியது, ரிப்பேருக்கு எத்தனை நாள், அதுவரை தற்காலிகக் கருவி தருவார்களா என்பது.

உடைந்தால் வருத்தம்தான், ஆனாலும் சமாளித்துவிடலாம் என்பவர் கணக்கின் பேச்சையே கேட்கட்டும்.

10. எடுப்பதென்றால் முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

பதிவு செய்துவிட்டதாக நினைக்காதீர்கள், சரிபாருங்கள். திட்டச் சான்றில் உள்ள சீரியல் எண்ணும் டேப்லெட்டின் அமைப்புகளில் காட்டும் எண்ணும் ஒன்றா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். சிம் போடும் மாடலென்றால் ஐஎம்இஐ எண்ணையும் (அத்தகைய ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி அடையாள எண்) பாருங்கள். ஓர் இலக்கம் மாறியிருந்தால் இப்போது ஒரு மின்னஞ்சலில் சரியாகிவிடும். உடைந்த பிறகு அதைத் திருத்த வாரக்கணக்கில் அலைய வேண்டும்.

பில்லைப் போட்டோ எடுத்து வையுங்கள். வெப்பத்தில் அச்சாகும் பில் காலப்போக்கில் வெளுத்துப்போகும். டேப்லெட்டின் முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலைகளையும் தேதியோடு படமெடுங்கள். “ஏற்கெனவே இருந்த சேதம்” என்ற வாதத்துக்கு இதுவே பதில். இந்தப் படங்களை அந்த டேப்லெட்டிலேயே வைக்காதீர்கள்.

தானியங்கி பேக்கப்பை இன்றே இயக்குங்கள். பெரும்பாலான திட்டங்கள் உங்கள் தரவுக்குப் பொறுப்பேற்பதில்லை. ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் பேக்கப், பிறகு கணக்குப் பூட்டை (கருவியை உங்கள் ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கோடு கட்டிவைக்கும் பூட்டு) நீக்குவது, பிறகு தரவை அழிப்பது, சிம்மையும் மெமரி கார்டையும் எடுப்பது என்பது வரிசை. திரை உடைந்து தொடுதல் வேலை செய்யாவிட்டால் கடவுச்சொல்லைக்கூடப் போட முடியாது. அப்போது பேக்கப் எடுக்க வழியிருக்காது. சில கருவிகளில் கணக்குப் பூட்டை வேறு கருவியிலிருந்து நீக்க முடியும், ஆனால் அந்தக் கணக்கின் கடவுச்சொல் நினைவிருக்க வேண்டும். பூட்டு நீங்காத கருவியைப் பல சர்வீஸ் சென்டர்கள் வாங்குவதே இல்லை.

விற்கும் எண்ணம் இருந்தால் திட்டத்தை அடுத்தவர் பெயருக்கு மாற்ற முடியுமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். முடியாதென்றால், விற்கும் நாளில் ரத்து செய்து மீதிக் காலத்துக்கான பணத்தைக் கேட்டுப் பாருங்கள். பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

11. எடுக்கவில்லை என்றால்

திட்டத்துக்குக் கட்டியிருக்கக்கூடிய பணத்தில் ஒரு பகுதிக்கு மூலைகள் தடித்த நல்ல கவரும் டெம்பர்ட் கிளாஸும் வாங்குங்கள். கவரின் ஓரம் திரையை விடச் சற்று உயர்ந்து நிற்க வேண்டும். தட்டையாகக் குப்புற விழுந்தால் கண்ணாடி தரையைத் தொடாமல் காப்பது அந்த உயரம்தான். மீதிப் பணத்தைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். ஒதுக்காமல் “நானே பார்த்துக்கொள்வேன்” என்று சொல்வது வெறும் பேச்சாகவே நின்றுவிடும். 2 வருடம் உடையாமல் போனால் அந்தப் பணம் அடுத்த டேப்லெட்டுக்கு.

12. முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்பு

திட்டம் எடுத்தவரும் எடுக்காதவரும் செய்ய வேண்டிய படி இது. தயாரிப்பாளர் வாரண்டி முடியும் தேதிக்கும், திட்டம் இருந்தால் அது முடியும் தேதிக்கும் ஒரு மாதம் முன்பாக நாட்காட்டியில் நினைவூட்டல் வையுங்கள்.

அன்றைக்கு அரை மணி நேரம் ஒதுக்கி டேப்லெட்டை முழுக்கச் சோதியுங்கள். முழு வெள்ளைப் படத்தையும் முழுக் கறுப்புப் படத்தையும் திறந்து திரையில் புள்ளி, கறை, ஒளிக்கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் ஐகானை விரலால் அழுத்திப் பிடித்துத் திரையின் எல்லா மூலைக்கும் இழுத்துப் பாருங்கள். எங்காவது நழுவினால் அங்கே தொடுதல் செத்திருக்கிறது. கேபிளைச் செருகி மெல்ல அசைத்து சார்ஜ் விட்டுவிட்டு ஏறுகிறதா என்று கவனியுங்கள். எல்லா ஸ்பீக்கர், மைக், இரண்டு கேமரா, ஒவ்வொரு பொத்தான். பேட்டரி நலன் எத்தனை சதவீதம். மேசையில் தட்டையாக வைத்து, பின்புறம் உப்பியிருக்கிறதா, திரை ஓரம் தூக்கியிருக்கிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடுவதை நிறுத்தி, அழுத்தாமல் நேராக சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போங்கள்.

சிறிய குறை ஏதாவது தென்பட்டால் “பிறகு பார்ப்போம்” என்று விடாமல் அந்த மாதத்துக்குள்ளேயே எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். வாரண்டி முடிந்த பிறகு அதே குறை பெரிதானாலும், காலத்துக்குள் நீங்கள் தெரிவித்ததற்கு அந்த எண் சாட்சி.